அடுத்த ஷிஃப்டுக்கு யார்

ராணுவத்தில் நர்சாகச் சேரலாமா என்று யோசிப்பதாகச் சொன்னால், கேட்பவர்கள் மனதில் உடனே ஒரு போர்க்களம் எழுந்துவிடுகிறது. "பயமா இல்லையா?" என்கிறார்கள். கூட வேலை பார்க்கும் சிஸ்டர்கள், பள்ளித் தோழி, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, எல்லாருக்கும் அதே கேள்விதான். அன்போடு கேட்பதால் பதில் சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

பயம் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது அது இல்லை. கண்டோன்மென்ட் மருத்துவமனைகளில் பெரும்பாலான நாட்களில் நடப்பது நான் இப்போது செய்கிற வேலையேதான். ஜவானின் மனைவிக்குப் பிரசவம், அவர் குழந்தைக்குக் காய்ச்சல், ஓய்வுபெற்ற சுபேதாருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண், பயிற்சி ஓட்டத்தில் முழங்கால் பிசகிய பத்தொன்பது வயதுப் பையன். போர் என்பது அங்கே எப்போதாவது வருவது. வராமலே ஒரு பணிக்காலம் முடிந்துபோகலாம். ஆனால் வந்தால் விலக முடியாது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தக் கடைசி வாக்கியம்தான்.

*

இரவு இரண்டு மணி மருந்து முடிந்து, நான்கு மணிக்கு மறுபடி பி.பி. பார்க்கும்வரை கிடைக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருக்கும் வழிகள் தெரிந்தவைதான். உடன்படித்தவர்களில் பாதிப்பேர் வளைகுடாவிலோ இங்கிலாந்திலோ இருக்கிறார்கள். அரசுப் பணிக்குத் தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். என்னைப்போல் தனியார் மருத்துவமனையில் தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்ததும் சேர்ந்த முதல் இடத்தில் அசல் சான்றிதழ்களை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். பாண்டு முடியும்வரை அவற்றைக் கண்ணால் பார்க்கவில்லை. அதையும் கடந்தாயிற்று. இப்போதிருக்கும் இடத்தில் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், என்னை விடுவித்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு மாத நோட்டீஸை நான் இதுவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அதை இழப்பதைப் பற்றி யோசிக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரிகிறது.

*

எங்கள் பக்கம் பட்டாளம் புதிதில்லை. வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவரை ராணுவத்துக்கு அனுப்பிய கிராமங்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதே மாவட்டத்தில்தான் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவமனையும் இருக்கிறது. 1946இல், இந்தியாவிலேயே முதன்முதலாக நர்சிங்கைப் பட்டப்படிப்பாக்கிய இடங்களில் அது ஒன்று. பையன்கள் பட்டாளத்துக்கு, பெண்கள் நர்சிங்குக்கு என்று எங்கள் தெருவிலிருந்தே இரண்டு பாதைகள் பிரிந்து போகின்றன. இரண்டும் சேர்கிற இடம் ஒன்று உண்டு என்பதை நான் படிப்பு முடிக்கும்வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். இளவயதில் லே பக்கம் போயிருந்தபோது நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. உயரமான இடத்துக்கு வேகமாக ஏறுகிறவர்களுக்கு வருவது இது. லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே இறங்கும் படைவீரர்களை மேலும் மேலே அனுப்புவதற்கு முன் நாள்கணக்கில் ஓய்வாக வைத்து, மெல்ல நடக்கவிட்டு, உடலைப் பழக்குகிறார்கள். அப்படியும் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் இருமல் தொடங்கிவிடும். படுத்தால் மூச்சு முட்டும். சளியில் இளஞ்சிவப்பு நுரை வரும். ஆக்சிஜன் கொடுத்து, முடிந்தவரை சீக்கிரம் கீழே இறக்க வேண்டும். திடமான ஆள்தான் முதலில் விழுவான் என்று பெரியப்பா சொல்வார். அதில் உண்மை உண்டு: உடம்பை நம்புகிறவன் ஓய்வெடுக்கமாட்டான்.

"கண்ணத் தொறந்தா ஒரு மேடம் நிக்கிறாங்க. நம்மூர்த் தமிழ்ல, 'மூச்சு வாங்குதா, சாய்ஞ்சு உக்காருங்க'ன்னாங்க" என்றார். அவர் மருந்தின் பேரைச் சொல்லவில்லை, டாக்டரைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தத் தமிழை மட்டும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, "அவங்க டியூட்டி முடிஞ்சு போனா அடுத்து யாரு வருவாங்கன்னு நான் யோசிக்கவே இல்லம்மா. வருவாங்கன்னு தெரியும்" என்றார்.

இந்த வாக்கியத்தை அப்போது நான் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

என் எண்ணத்தை அவரிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசவில்லை. இந்த வேலையில் சேர்பவர் லெப்டினன்டாகத்தான் சேருவார். ஹவில்தார் எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டிய பதவி அது. "நீ யூனிஃபார்ம்ல வந்தா நான் எந்திரிச்சு சல்யூட் அடிப்பேன்மா, பெரியப்பான்னு பாக்கமாட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

*

1888 மார்ச்சில் பத்து பிரிட்டிஷ் நர்சுகள் பம்பாயில் கப்பலிறங்கினார்கள். இந்தியாவில் ராணுவ நர்சிங் தொடங்கியது அங்கிருந்துதான். அவர்கள் வந்தது பிரிட்டிஷ் சிப்பாய்களைப் பார்த்துக்கொள்ள. நம் சிப்பாய்களுக்காக இல்லை. 1926இல் இது நிரந்தரமான ஒரு பணியாயிற்று. அக்டோபர் 1ஐ இன்றும் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். இரண்டாம் உலகப்போரின் நடுவில், 1943இல், ஓர் அவசரச் சட்டம் அவர்களை அதிகாரிகளாக்கியது. அந்தச் சட்டத்தின் நிழலில்தான் இன்றைக்கும் எம்.என்.எஸ். என்கிற மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் நடக்கிறது.

அதற்கும் முன்னால் நைட்டிங்கேல். 1854இல் முப்பத்தெட்டுப் பெண்களோடு அவர் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே காயத்தால் இறந்தவர்களைவிடக் காலராவாலும் வயிற்றுக்கடுப்பாலும் டைபஸாலும் இறந்தவர்கள் அதிகம். மருத்துவமனைக் கட்டடத்துக்கு அடியிலேயே சாக்கடை அடைத்துக் கிடந்தது. நைட்டிங்கேல் பிறகு பல ஆண்டுகள் இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதாரத்தைப் பற்றியும் எழுதினார். 1863இல் வந்த அரசுக் குழு அறிக்கைக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்று கண்டோன்மென்ட் கண்டோன்மென்டாகக் கேட்டு வாங்கிப் படித்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை.

விளக்கேந்திய படத்தைவிட இந்தச் சாக்கடைக் கணக்குதான் எனக்கு நெருக்கமாக இருக்கிறது. படுக்கை விரிப்பு மாற்றுவதும், கை கழுவச் சொல்லி அலுக்காமல் சொல்வதும், சிறுநீர் அளவைக் குறித்துவைப்பதுமாகப் போகிற என் இரவுகளுக்கு அங்கே ஒரு பாட்டி இருக்கிறார்.

*

ஆனால் ஓர் இடத்தில் அந்த வேலை என் வேலையிலிருந்து முழுதும் வேறுபடுகிறது. என் வார்டில் குணமானவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே குணமானவர் டியூட்டிக்குப் போகிறார்.

படைவீரர்கள் 'ஷேப்-ஒன்' என்று ஒன்று சொல்வார்கள். மனம், காது, கைகால், உடல்திறன், கண் ஆகிய ஐந்தும் குறையின்றி இருப்பவர் அதில் வருவார். ஒன்றில் குறைந்தாலும் 'கேட்டகரி' இறங்கும். அதோடு போஸ்டிங்கும் பதவி உயர்வும் சேர்ந்து சிக்கலாகும். பெரியப்பா தன் முழங்கால் வலியைக் கடைசி வருடங்களில் யாரிடமும் சொல்லவில்லை. எம்.ஹெச். என்கிற ராணுவ மருத்துவமனைக்குப் போனால் எழுதிவிடுவார்கள் என்று ஊரிலிருந்து தைலம் வரவழைத்துத் தேய்த்துக்கொண்டார். என்னிடமும் ஒருவர் வந்து, "சிஸ்டர், இதை மட்டும் எழுதாதீங்க" என்று கேட்பார். நிச்சயம் கேட்பார். கேஸ் ஷீட்டில் நான் எழுதுகிற ஒரு வரி அவர் வீட்டுக்கடனை, பெண்ணின் படிப்பைத் தொடும். எழுதாமல் விட்டால் அந்த முழங்காலோடு அவர் ஏதோ ஒரு சரிவில் பாரம் தூக்கிக்கொண்டு ஏறுவார், அவரை நம்பிப் பின்னால் பத்துப்பேர் ஏறுவார்கள்.

நான் யாருக்கு நர்ஸ்? அந்த மனிதருக்கா, அவரைத் திருப்பிக் கேட்கிற படைக்கா? இதற்குப் பதில் தெரியாமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்று பல இரவுகள் நினைத்தேன்.

*

1949இன் ஜெனீவா ஒப்பந்தங்களை எடுத்து வாசித்தேன். கல்லூரியில் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்ட பாடம். இப்போது வாசிக்கும்போது வேறாக இருந்தது.

காயம்பட்டவர்களில் யாரை முதலில் பார்ப்பது என்பதை மருத்துவ அவசரம் ஒன்றுதான் தீர்மானிக்கலாம் என்கிறது முதல் ஒப்பந்தம். எந்தப் பக்கத்து ஆள், என்ன பதவி, என்ன மதம் என்பதற்கு அங்கே இடமில்லை. எதிரிப் படைவீரனின் ரத்தக்கசிவு நம் கேப்டனின் எலும்புமுறிவுக்கு முன்னால் நிற்கும். மருத்துவப் பணியாளர் சிறிய ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், தன்னையும் தன் நோயாளிகளையும் காத்துக்கொள்ள மட்டும். எதிரியிடம் பிடிபட்டால் அவர்கள் போர்க்கைதிகள் ஆகமாட்டார்கள். பிடிபட்ட தங்கள் வீரர்களுக்குத் தேவைப்படும்வரை மட்டுமே அங்கே வைத்திருக்கலாம். அங்கேயும் அவர்கள் செய்ய வேண்டியது நர்சிங்தான். இந்த ஒப்பந்தங்களுக்காக இந்தியா 1960இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

எழுத்தில் இருப்பதெல்லாம் களத்தில் நடந்துவிடுவதில்லை. இதற்கு முந்தைய ஜெனீவா ஒப்பந்தம் இருந்தபோதே, 1942 பிப்ரவரியில் பாங்கா தீவில் ஆஸ்திரேலிய ராணுவ நர்சுகள் இருபத்திரண்டு பேரை ஜப்பானிய வீரர்கள் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து சுட்டார்கள். உயிர் தப்பியவர் விவியன் புல்விங்கெல் ஒருவர்தான். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

கூடவே இன்னொன்றையும் வாசித்தேன். ஆற்காட்டுப் பெயரைத் தாங்கிய ஏ.ஜி. ரங்கராஜ் என்ற மருத்துவ அதிகாரியின் தலைமையில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1950இல் கொரியாவுக்குப் போனது. இந்தியா அங்கே சண்டைபோடப் படை அனுப்பவில்லை. இந்த மருத்துவப் பிரிவை அனுப்பியது. அவர்கள் காயம்பட்ட வீரர்களையும் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் தேகு நகரில் தங்கிப் பொதுமக்களையும் பார்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. எழுபதாண்டுகளுக்கு மேல் கழித்து, 2023 பிப்ரவரியில் துருக்கியில் பூமி அதிர்ந்தபோது இஸ்கெந்தெருன் நகரில் போய் மருத்துவமனை போட்டதும் அதே 60ஆவது பிரிவு. எங்கே போவது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. போனார்கள்.

*

அம்மாவுக்கு ஜெனீவா கவலை இல்லை. "வரன் வந்தா என்ன சொல்றது?" என்பதுதான் அவள் கவலை. அதை நான் சின்ன விஷயமாக ஒதுக்கமாட்டேன், ஏனென்றால் இந்தப் பணியே அதைச் சின்ன விஷயமாக நடத்தவில்லை.

1976இல் எம்.என்.எஸ்ஸைச் சேர்ந்த கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் படைகளில் அந்த உயரத்தைத் தொட்ட முதல் பெண் ஒரு நர்ஸ். எந்த டாக்டரும் எந்தத் தளபதியும் அவருக்கு முன்னால் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ராணுவ விதி ஒன்றில், திருமணம் செய்துகொண்டால் நர்ஸ் அதிகாரியைப் பணியிலிருந்து விடுவிக்கலாம் என்று இருந்தது. லெப்டினன்ட் செலினா ஜான் ஒரு ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டார். 1988இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த விதி 1995இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் அவருக்கான நீதி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. அந்த விதி அப்பட்டமான பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. முப்பத்தாறு ஆண்டுகள். வேலைக்குத் திரும்பும் வயது அவருக்குக் கடந்துவிட்டிருந்தது.

விதி போய்விட்டது. விதியை எழுத வைத்த எண்ணம் முழுதாகப் போய்விட்டதா என்று கேட்டால், சம்பளச் சீட்டைப் பார்க்கச் சொல்வேன். ஏழாவது ஊதியக் குழுவின்படி ராணுவப் பணிக்கென்று தனியாகக் கொடுக்கும் தொகை மற்ற அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய், எம்.என்.எஸ். அதிகாரிகளுக்கு 10,800 ரூபாய். சட்டத்தின் மொழியில் இவர்கள் இன்னும் துணைப்படைதான். தோளில் அதே நட்சத்திரம் இருக்கும்போது இந்த வித்தியாசம் ஏன் என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் பார்க்கவில்லை. சேர்ந்தால் இதையும் தெரிந்தேதான் சேர வேண்டும். சேர்ந்தபின் மறந்துவிடவும் கூடாது.

*

காட்பாடியில் ஓய்வுபெற்ற எம்.என்.எஸ். மேஜர் ஒருவர் இருக்கிறார். பெரியப்பாதான் விசாரித்துக் கூட்டிப்போனார். அறுபது வயதைத் தாண்டியும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்துவிட்டு, "என்ன தெரியணும், கேளும்மா" என்றார்.

போரைப் பற்றிக் கேட்டேன். அவர் போரைப் பற்றிப் பேசவில்லை. மாற்றல்களைப் பற்றிப் பேசினார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுவது, புது ஊரின் குளிர், இந்தி சரியாக வராத முதல் வருடம், தங்கை கல்யாணத்துக்குக் கடைசி நேரத்தில் ரத்தான லீவு. "வெடிச்சத்தம் ஒருத்தரையும் உடைக்கல. இதுதான் உடைக்கும்" என்றார்.

கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள் என்று கேட்பவரைப் பற்றிக் கேட்டேன். தயங்கவே இல்லை. "எழுதுவ. எழுதினத அவர்கிட்டயே சொல்லுவ. மறைச்சு எழுதக்கூடாது, எழுதாம மறைக்கவும் கூடாது."

பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். புனே அருகே கட்கியில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. அதே ஊர்ப்பக்கம்தான் செயற்கை அவயவ மையமும், 1944இலிருந்து. இருபத்திரண்டு வயதில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வந்த பையன் ஒருவன், முடி நரைத்தபின்னும் அந்த மறுவாழ்வு மையத்தில்தான் இருந்தான் என்றார். சக்கர நாற்காலியில் கூடைப்பந்து விளையாடுவான். படுக்கைப்புண் வராமல் அவனைப் புரட்டிப்போட்ட கைகள் எத்தனையோ மாறின. "குணமாக்கி சண்டைக்கு அனுப்புறோம்னு சொல்லுவாங்க. அனுப்ப முடியாதவங்கதான் என் மனசுல இருக்காங்க" என்றார்.

யாருக்கு நர்ஸ் என்ற என் கேள்வி அங்கே பாதி கரைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அது கரையாமல் இருப்பதே நல்லது என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கேள்வி மரத்துப்போன நர்ஸிடம் எந்தப் படைவீரனும் போய்ச் சேரக்கூடாது.

*

2020இல் நான் கோவிட் வார்டில் நின்றேன். விட்டுப்போனவர்கள் இருந்தார்கள், வீட்டில் கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்ததால் போனார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நான் போக முடியும் என்றிருந்தும் நின்றேன். பிளாஸ்டிக் உடைக்குள் வியர்வை ஓட நின்ற அந்த மாதங்களின் மதிப்பு, அது என் விருப்பம் என்பதில்தான் இருந்தது என்று நெடுநாள் நம்பினேன். போக முடியாதபடி ஒரு சட்டம் என்னை நிறுத்தியிருந்தால் அது வெறும் கட்டளையாகப் போயிருக்கும் என்று நினைத்தேன்.

இதே கேள்வியைப் படுக்கையிலிருந்து பார்த்ததில்லை.

அந்த வார்டில் ஒரு தாத்தா ஒவ்வொரு முறை நாங்கள் ஹேண்டோவர் கொடுக்கும்போதும் கண்ணைத் திறந்து பார்ப்பார். ஒரு நாள் சைகையால் என்னிடம் கேட்டார்: நீ போனபின் யாராவது வருவார்களா? வருவார்கள் தாத்தா என்றேன். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை. அன்று காலை இரண்டு பேர் ராஜினாமா கொடுத்திருந்தார்கள். அவருடைய ஆக்சிஜன் அன்றைக்கு எங்கள் ஒவ்வொருவரின் நல்ல மனதை நம்பித்தான் ஓடியது. நல்ல மனது பெரிய விஷயம். ஆனால் மூச்சுக்குப் போராடுகிறவர், அடுத்த எட்டு மணி நேரத்துக்கு யாருக்கு நல்ல மனது இருக்கும் என்று கவலைப்பட்டுக்கொண்டு கிடக்கக்கூடாது.

லேயில் பெரியப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்து யார் என்று தெரியாது. வருவார் என்று தெரியும். அவருக்குக் கிடைத்த அந்த நிம்மதியின் விலையை யாரோ ஒரு பெண் தன் ஒரு மாத நோட்டீஸைக் கொடுத்துக் கட்டியிருக்கிறாள். அவள் நல்ல மனதோடு இருந்தாளா, வீட்டு நினைவில் அழுதுவிட்டு வந்தாளா என்பது அவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விலக முடியாது என்ற அந்த வாக்கியத்தை இவ்வளவு நாளும் என் பக்கத்திலிருந்து மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

*

வாழ்நாள் முழுவதற்கும் கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை. பட்டம் பெற்றவர்களுக்கு ஷார்ட் சர்வீஸ் கமிஷன் இருக்கிறது, வரையறுத்த காலத்துக்கு. அதற்குக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. கணினித் தேர்வு, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று தாண்ட வேண்டியவை வரிசையாக இருக்கின்றன. கிடைக்காமலும் போகலாம். அறிவிப்பு வந்ததும் விண்ணப்பிப்பேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் எதிர்க்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "அப்ப எனக்கு ஊசி யாரு போடுவா?" என்றாள். நியாயமான கேள்வி. தம்பிக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். அளவெடுப்பது வந்துவிட்டது, தினமும் இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்பதுதான் இன்னும் மறந்துவிடுகிறது. சர்க்கரை இறங்கினால் என்ன அறிகுறி, எவ்வளவு குளுக்கோஸ், எப்போது மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும் என்று அடுத்த வாரம் சொல்லித்தர வேண்டும்.